ஏழு துண்டுக் கிராதி

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பால் வாங்க வராந்தாவுக்கு வந்தால், தரையின் ஓரம் ஒரு முழ நீளத்துக்குப் பெயர்ந்து கீழே செம்பருத்திச் செடிமேல் கிடக்கிறது. உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துப் புடைத்து நிற்கிறது. கடல் காற்று செய்த வேலை. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எந்த வீட்டு இரும்பும் இதற்குத் தப்பவில்லை.

கொத்தனார் சுடலைமுத்து வந்து சுத்தியலால் ரெண்டு தட்டுத் தட்டினார். இன்னும் ஒரு முழம் உதிர்ந்தது. "யம்மா, ஓரம் பூரா செத்துப்போச்சு. உடைச்சிட்டுப் புதுசாத்தான் போடணும். கிராதியக் கழத்தாம ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

எனக்குப் பகீரென்றது. இது என் டைரி, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் எழுதி வைக்கிறேன். என் வீட்டுக்காரர் இன்னாசிக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் பிரஷர் ஏறி ஏறி, நாலு வருஷமாகச் சுத்தமாக இல்லை. துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டிய மனுஷன். வாசல் கதவைத் தாண்டியதும் இடது பக்கமிருந்து வலது பக்கம் வரைக்கும் வராந்தா முழுக்க வார்ப்பிரும்புக் கிராதி, ஏழு துண்டு. அதைப் பிடித்துக்கொண்டே போவார். மூன்றாவதில் பூவின் இதழ் ஒன்று உடைந்திருக்கும். அஞ்சாவதில் யாரோ எப்போதோ வைத்த வெல்டிங் மொக்கு விரலில் இடறும். ஏழாவது முடிந்தால் படி. அஞ்சு படி இறங்கினால் கேட். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பேச்சிமுத்துவின் இஸ்திரி வண்டி. தினமும் எட்டு மணிக்குப் போய்விடுவார். அவன் தேய்க்க, இவர் தடவிப் பார்த்து மடித்துக் கொடுக்க, ரெண்டு பேரும் ஊர்க்கதை பேச, பதினொரு மணி ஆகும் திரும்ப. யார் துணையும் இல்லாமல் அவர் போய்வருகிற ஒரே இடம் அதுதான்.

மஸ்கட்டிலிருந்து மகன் ரெக்ஸ் போனில், "பழசைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்டீல் பைப் போடுங்கம்மா, துருவே பிடிக்காது" என்கிறான். பழசுதான் திரும்ப வரணும் என்று சொல்லிவிட்டேன். ஸ்டீல் பைப்பில் எது மூன்று, எது ஏழு என்று உங்கப்பாவுக்கு யார் சொல்வது என்று கேட்டேன்.

பிப்ரவரி 5, வியாழன்

கிராதி கழற்றியாயிற்று. வெல்டர் மிக்கேல் வருவதற்கு முன்னாலேயே நான் வெள்ளைப் பெயின்ட் எடுத்து, வராந்தாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும் ஒன்று முதல் ஏழு வரை நம்பர் எழுதிவிட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். ஒயர் மாறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டு அவர் கதவுக்குள்ளேயே நின்றார். "ஏட்டி, எத்தனை நாளாகும்?"

"ரெண்டு வாரம்னு சுடலைமுத்து சொல்லுதாரு."

"ரெண்டு வாரமா!" என்றார். எங்கேயோ சிறைக்குப் போகிற மாதிரி முகம். எனக்குச் சுருக்கென்றது. என்னோடு வீட்டுக்குள் ரெண்டு வாரம் இருப்பது அவ்வளவு பெரிய தண்டனையா?

வாசலில் சாப்பாட்டு மேசை நாற்காலியைக் குறுக்கே போட்டுக் கயிறும் கட்டிவிட்டேன். மறந்து வெளியே கால் வைத்தால் நேரே நாலடி கீழே.

பிப்ரவரி 6, வெள்ளி

எட்டு மணிக்கு எழுந்து செருப்பைப் போட்டார். பிறகு கழற்றினார்.

பிப்ரவரி 11, புதன்

வீடு பூரா சிமெண்டுப் புழுதி. மூன்று தடவை பெருக்கியும் நாக்கில் கரகரக்கிறது. இருந்தாலும் இன்று நல்ல நாள்.

பேப்பர் முழுக்க வாசித்துக் காட்டினேன், வரி விளம்பரம் வரைக்கும். அப்புறம் அவராகவே பேச ஆரம்பித்தார். எண்பத்தாறில் ஒரு கப்பலில் மரத்தடி இறக்கும்போது சங்கிலி அறுந்து கீழே நின்ற ஒருத்தன் கால் போய்விட்டதாம். அந்த ஆள் இவர் மேல் குற்றம் சொல்லவே இல்லையாம். நாற்பத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடத்துகிறோம், இந்தக் கதை எனக்குத் தெரியாது. "பேச்சிமுத்துக்குத் தெரியும்" என்றார் சாதாரணமாக. இஸ்திரி வண்டிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. சரி, போகட்டும். இப்போது எனக்கும் தெரியும்.

சாயங்காலம் மொச்சை உரித்தோம். அவர்தான் வேகம். விரலாலேயே புழுவைக் கண்டுபிடித்துவிடுகிறார். சந்தோஷமாக இருந்தேன். எழுதுவதில் என்ன வெட்கம், சந்தோஷமாக இருந்தேன்.

ஜனவரியில் தண்ணி லாரி கேட்டை உரசிக்கொண்டு போனபோது அவர் முழங்கை தோல் உரிந்தது. ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் ஆளே இல்லை. அன்றிலிருந்து எட்டு மணி முதல் பதினொன்று வரை என் உயிர் என்னிடம் இருந்ததில்லை. இந்த ஆறு நாளாகத்தான் நான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன்.

பிப்ரவரி 14, சனி

ஓரம் காங்கிரீட் போட்டாயிற்று. ஒரு வாரம் சாக்கு விரித்துத் தண்ணீர் ஊற்றணும். காலை மாலை நான்தான் ஊற்றுகிறேன்.

பிப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். கோயிலுக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். முன்பெல்லாம், "விடுட்டி, நான் என்ன சின்னப்பிள்ளையா" என்று கையை உதறுவார். இன்று உதறவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது மேற்குத் தெரு அக்கா, "ரெஜினா, உங்க ரெண்டு பேரையும் பாத்தா கண்ணு நிறையுது" என்றாள்.

பிப்ரவரி 21, சனி

சுடலைமுத்து ஓரத்தை மிதித்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு, மாட்டலாம்" என்றார். மிக்கேல் வந்துவிட்டான். தெருவில் நின்றுகொண்டு, வீட்டைப் பார்த்து, "ஒண்ணாம் நம்பர் எதுக்கா?" என்று கேட்டு, அதை எடுத்துப் படிப்பக்கம் முதலில் நிறுத்தினான். அவனுக்கு அது இடது கைப்பக்கம். நான் உள்ளே உட்கார்ந்து எழுதின நம்பர். எனக்கு இடது கதவுப்பக்கம்.

அவருக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்கிற நேரம் ஆகிவிட்டது. உள்ளே போய்விட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

ஏழும் மாட்டி, கிராதிக் கால்களுக்குச் சிமெண்டு ஊற்றி முடித்த பிறகுதான் கவனித்தேன். எல்லாம் தலைகீழ் வரிசை. நம்பரெல்லாம் தெருவைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. கதவுப்பக்கம் ஏழு, படிப்பக்கம் ஒன்று. இவர் இதழ் உடைந்த பூவைத் தொட்டு மூன்று என்று நினைத்தால் அது உண்மையில் அஞ்சாவது இடம். இன்னும் நாலு துண்டு பாக்கி என்று காலை வீசி வைத்தால் படியில் உருள வேண்டியதுதான்.

"திரும்பக் கழற்று" என்றேன். மிக்கேலுக்கு அழுகையே வந்துவிட்டது. "யக்கா, ரெண்டு நாளா நீங்க இந்த நாற்காலியிலதானே உக்காந்து பாத்துட்டிருந்திய? அப்பமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நம்பரைப் பாத்து வைக்கத் தெரியாதா உனக்கு?" என்று கத்தினேன். உள்ளேயிருந்து அவர், "விடுட்டி, பாவம், அவன் என்ன செய்வான்" என்றார்.

கொத்தினால் ஓரம் உடையும். மறுபடி பூசி மறுபடி ஆறப் போடணும். இன்னும் மூன்று வாரம் என்கிறார் சுடலைமுத்து. என்ன செய்ய, ஒழுங்காக ஆகணுமே.

மார்ச் 3, செவ்வாய்

பேச்சிமுத்து படியேறி வந்து கயிற்றுக்கு வெளியே நின்றான். "அண்ணாச்சிய நான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டு, நானே கொண்டாந்து விட்டுருதேன்" என்றான். தூங்குகிறார் என்று சொல்லி அனுப்பினேன். மணி ஒன்பதரை.

அவர் தூங்கவில்லை. நடுவறையில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ சத்தம் குறைந்திருந்தது.

மார்ச் 13, வெள்ளி

சுடலைமுத்து, "ஆறிடுச்சு, மிக்கேலுக்குச் சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மிக்கேலுக்குப் போன் போட்டு, கிராதிக்கு முதலில் ரெட் ஆக்சைடு அடித்து, அதற்கு மேல் ரெண்டு கோட்டுப் பெயின்ட் அடிக்கணும், அவசரமில்லை, காயட்டும் என்றேன். "அப்ப நான் திருச்செந்தூர்ல ஒரு வேலைய முடிச்சிட்டு வந்துருதேன்" என்றான். முடித்துவிட்டு வா என்றேன்.

பழைய இரும்பு. பெயின்ட் அடிக்காமல் வைத்தால் நாளைக்கே துருப்பிடிக்கும். இது யாருக்கும் தெரிந்த விஷயம்.

மார்ச் 20, வெள்ளி

மத்தியானம் அவர் கூப்பிட்டார். பாத்ரூமுக்கு. படுக்கையிலிருந்து எட்டடி எடுத்து வைத்தால் பாத்ரூம். நாலு வருஷமாகச் சுவரைத் தடவித் தானே போய்க்கொண்டிருந்தவர்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ இருக்கியேன்னு கூப்பிட்டேன்."

ராத்திரிக்கும் கூப்பிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போனேன். பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிறதாம். "நடக்க விடுங்கம்மா, உக்காந்தே இருந்தா காலு மறந்துபோகும்" என்றார்.

மார்ச் 21, சனி

திருச்செந்தூருக்கே போன் போட்டு மிக்கேலை வரச் சொன்னேன். "அவசரமில்லன்னு சொன்னிய?" என்றான். அவசரம் என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

முடிந்தது. மிக்கேல் ஒவ்வொரு துண்டையும் தூக்கியதும், "யக்கா, இதுதானே, நல்லா பாத்துக்கிடுங்க" என்று என்னைக் கேட்டுக் கேட்டு வைத்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒன்று கதவுப்பக்கம், ஏழு படிப்பக்கம். உடைந்த இதழ், வெல்டிங் மொக்கு எல்லாம் அதனதன் இடத்தில். கண்ணை மூடிக்கொண்டு நானே ஒருமுறை பிடித்து நடந்து பார்த்தேன். ஏழாவது முடிந்ததும் என் கால் சரியாகப் படியைத் தொட்டது. ஆனாலும் நாலாவது துண்டிலேயே வேர்த்துவிட்டது எனக்கு. தினமும் இதைச் செய்திருக்கிறார்.

நாற்காலியை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்தேன்.

மார்ச் 28, சனி

எட்டு மணிக்குச் சட்டையை மாட்டிவிட்டேன். "வாங்க, உங்க கிராதி வந்தாச்சு" என்று வாசலுக்குக் கூட்டி வந்து, கையை எடுத்து முதல் துண்டின் மேல் வைத்தேன். தடவிப் பார்த்தார். "பெயின்ட் வழுவழுன்னு இருக்கு" என்றார். அப்படியே நின்றார். கேட்டுக்கு வெளியே பேச்சிமுத்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சீ! வாங்க வாங்க!" என்று சத்தம் போட்டான்.

அவர் இன்னொரு எட்டு வைக்கவில்லை. கிராதியிலிருந்து கையை எடுத்துக் காற்றில் துழாவி என் தோளைப் பிடித்தார். "ஏட்டி, நீ கூட்டிட்டுப் போ."

"நீங்களே போங்க, நான் பின்னாலயே வாரேன்."

"வேண்டாம். வெயிலா இருக்கு. நாளைக்குப் பாப்போம்."

எட்டு மணிக்கு என்ன வெயில்?

மார்ச் 29, ஞாயிறு

குருத்து ஞாயிறு. நாளைக்குப் பாப்போம் என்றார்.

மார்ச் 30, திங்கள்

நாளைக்கு என்றார்.

மார்ச் 31, செவ்வாய்

பெரிய வாரம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போனேன். அடைத்த அறைக்குள் முழங்கால் போட்டு, கோபப்பட்டேன், வெல்டரைத் திட்டினேன், ஜெபமாலை சொல்லாமல் தூங்கினேன் என்று எல்லாம் சொன்னேன். கடைசியில், "வீட்டு வேலை ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தினேன், சாமி" என்றும் சொன்னேன். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். இளம் சாமியார், எனக்குப் பின்னால் நீளமாக வரிசை.

மந்திரத்தைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஒன்றும் இறங்கவில்லை. சாமியாரை ஏமாற்றிவிட்டு வந்தவளுக்கு என்ன இறங்கும்?

ஏப்ரல் 1, புதன்

சொல்லிவிட்டேன். அவரிடமேதான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவித் துடைத்துவிடும்போது சொன்னேன். மிக்கேல் முதல் துண்டைத் தப்பான பக்கம் வைத்ததை அன்றைக்கே பார்த்தேன். பார்த்துக்கொண்டே ரெண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. பேச்சிமுத்து வந்தபோது தூங்குகிறீர்கள் என்று பொய் சொன்னேன். ஓரம் ஆறிய பிறகும் பெயின்ட் சாக்குச் சொல்லி ரெண்டு வாரம் இழுத்தேன். அந்த லாரிக்கு அப்புறம் உங்களை வெளியே விட எனக்குத் தைரியமில்லை. அது மட்டுமில்லை, நீங்கள் வீட்டில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "நான் பாவி, உங்க காலை நான்தான் கெடுத்துட்டேன்" என்று அழுதேன்.

அவர் கையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எல்லாந்தான். எனக்குக் கண்ணுதானே இல்ல, காது இருக்கில்லா? பேச்சிமுத்து வந்தது கேட்டுச்சு. நீ சொன்னதும் கேட்டுச்சு. நீ பொய் சொல்லும்போது எக்ஸ்சேஞ்சுல பேசுவியே, அந்தக் குரல்ல பேசுவ."

"பின்ன ஏன் ஒரு வார்த்தை கேக்கல? ஏன் சத்தம் போடல?"

அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "நாலு வருஷமும் நடுங்கிக்கிட்டுத்தான் போனேன். ஒவ்வொரு நாளும் அந்தப் படிக்கிட்ட நின்னு, ரெண்டு தடவ காலால துழாவிட்டுத்தான் எறங்குவேன். ஒரு நாள் போகலன்னா இவன் முடிஞ்சான்னு நீ முடிவு பண்ணிருவியேன்னுதான் போனேன். கிராதியக் கழத்தினதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சுட்டி. நீ தள்ளிப் போடப் போட, நல்லதாப் போச்சுன்னு நானும் சும்மா இருந்துட்டேன். இப்ப நடுங்குததுக்கும் தெம்பு இல்ல."

பாத்திரம் கழுவப் பதினொரு மணி ஆயிற்று.

ஏப்ரல் 5, ஞாயிறு

பாஸ்குத் திருநாள். ரெக்ஸ் வீடியோவில் வந்து, "கிராதி சூப்பரா இருக்கும்மா, அப்பா நடக்காங்களா?" என்றான். அவர் முந்திக்கொண்டு, "நாளையிலேர்ந்து" என்றார்.

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் அவரே கூப்பிட்டுச் சொன்னார். "ஏட்டி, நீ மார்க்கெட்டுக்குப் போயிட்டு வா. ஒரு மணி நேரம் ஆகட்டும். நீ பாத்துக்கிட்டு நின்னா எனக்குக் கால் வராது. பேச்சிமுத்தையும் கூப்பிடாத. நானே போறேன்."

மறுத்துப் பேசவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருமுனையில் திரும்பிப் பார்க்கலாமா என்று கழுத்து இழுத்தது. பார்க்கவில்லை. மீன் மார்க்கெட்டில் என்ன விலைக்கு என்ன வாங்கினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. மாதாவே, விழக்கூடாது, விழக்கூடாது என்று ஒரு மணி நேரமும் அதே ஜெபந்தான். வண்டிச் சத்தம் எதைக் கேட்டாலும் உடம்பு தூக்கிப் போட்டது.

ஒன்பதே காலுக்கு வந்தேன். அவர் நடுவறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளியே போகிற வெள்ளைச் சட்டையைத் தானே போட்டிருந்தார், பொத்தான் ஒன்று மாறி. காலில் செருப்பு. அடி எதுவும் இல்லை. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"போயிட்டு வந்துட்டேன்" என்றார். முகம் பூரா சிரிப்பு. "கேட் வரைக்கும் போனேன். ஒரு தடுமாட்டம் இல்ல. பேச்சிமுத்து, எங்க அண்ணாச்சி ரெண்டு மாசமா ஆளையே காணோம்னு ஒரே புலம்பல். ரெண்டு சட்டை மடிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

"ஆண்டவரே!" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உண்மையாகவே கும்பிட்டேன். மீன் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் நடந்த இடத்தைப் பார்க்கணும் போல இருந்தது, வராந்தாவுக்கு வந்தேன்.

விடிந்ததிலிருந்து உப்பு லாரிகள் போய்க்கொண்டிருக்கின்றன. புதுப் பெயின்ட்டின் மேல் புழுதி மாவு மாதிரி படிந்திருந்தது. ரெண்டாவது துண்டில் கை பட்ட தடம் இல்லை. மூன்றாவதில் இல்லை. ஏழாவது வரை குனிந்து பார்த்துக்கொண்டே போனேன், எதிலும் இல்லை. முதல் துண்டின் தலையில் மட்டும் நாலு விரலும் ஒரு உள்ளங்கையும் அழுந்தப் பதிந்திருந்தன. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேனோ தெரியாது. உள்ளேயிருந்து, "என்னட்டி, சத்தத்தையே காணோம்?" என்றார்.

சமையலறைக்குப் போய்த் துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். கதவுப்பக்கமிருந்து துடைக்க ஆரம்பித்தேன்.

"என்ன செய்யுத?"

"கிராதியத் துடைக்கேன். ஒரே புழுதி. நாளைக்கு நீங்க போகும்போது கையில ஒட்டும்லா."

பூவுக்குப் பூ, கம்பிக்குக் கம்பி, ஏழு துண்டையும் துடைத்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.